சிலம்பக் கம்பு, களரி ஆயுதங்களை நம்பி எங்கே வாங்கலாம்?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்தில் சிலம்பத்துக்கும் களரிக்கும் வேண்டிய கம்பு, சுருள்வாள், கவசம் எல்லாம் ஒரே கடையில் நம்பி வாங்க முடியுமா, இல்லை இணையத்தில் ஆர்டர் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளைப் புதிதாக வகுப்பில் சேர்த்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் குழித்துறை பக்கம் பிள்ளைகளுக்கு அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் சிலம்பமும் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வேண்டிய சாமான்களை வாங்கிப் போடுவதும் நான்தான்.

ஒரே கடை என்று தேடவே தேடாதீர்கள். கம்பை மூங்கில் தெரிந்தவரிடம் வாங்க வேண்டும், இரும்பை உலை வைத்திருப்பவரிடம், கவசத்தை விளையாட்டுச் சாமான் கடையில். மூன்றையும் ஒருவரே விற்கிறார் என்றால் பெரும்பாலும் அவர் எங்கிருந்தோ வாங்கி விற்பவராக இருப்பார். பொருள் உடைந்தால் ஏன் உடைந்தது என்று சொல்ல அவரால் முடியாது. யாரை நம்புவது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: காசை வாங்குவதற்கு முன்னால் அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா? யாருக்கு, எத்தனை வயது, என்ன உயரம், எந்த ஆசானிடம் படிக்கிறார்கள் என்று கேட்பவர் தன் பொருள் யார் கையில் போகிறது என்று யோசிக்கிறார். அவரை நம்பலாம்.

அதனால் முதலில் உங்கள் ஆசானிடமே கேளுங்கள். கம்பின் அளவு பயிற்சிப் பள்ளிக்குப் பள்ளி மாறும். சிலம்பத்தில் கம்பு நெற்றி மட்டம் அல்லது புருவ மட்டம் என்பது பொதுக் கணக்கு. பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்தரை அடி வரும். களரியில் முச்சாண் என்று சொல்லும் குறுவடி, பெயருக்கு ஏற்ற மாதிரி மூன்று சாண். ஆசான் சொல்லாமல் இவற்றை வாங்கினால் நல்ல பொருளாகவே இருந்தாலும் வகுப்பில் உதவாது. ஆசான்களுக்குக் கம்பு கொடுப்பவர்கள் பலருக்குப் பலகை வைத்த கடையே இருக்காது. அவர்களிடம் போய்ச் சேர ஆசான் சொல்லித்தான் வழி தெரியும்.

கம்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இதில்தான். மூங்கில் கம்பு என்றால் கல்மூங்கில் வேண்டும். பந்தலுக்கு நடுகிற பெரிய மூங்கில் உள்ளே பொள்ளலாக இருக்கும். கல்மூங்கில் கிட்டத்தட்ட கெட்டி. பிரம்பு என்றால் முழுக்கக் கெட்டி, கொஞ்சம் வளையும். இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் உடையும்போது தெரியும். மூங்கில் பிளந்தால் கத்தி மாதிரிச் சிம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். பிரம்பு அப்படிப் பிளக்காது, அடிபட்ட இடத்தில் நார் நாராகப் பிரியும். அதனால் தனியாகச் சுற்றிப் பழக கல்மூங்கில் போதும். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று கம்பு மோதும் பயிற்சிக்குப் பிரம்புதான் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. விலை கூட வரும், வரட்டும்.

கம்பை நேரில் பார்த்து எடுக்க முடிந்தால் இப்படிப் பாருங்கள். ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மறுமுனை வரை நோட்டம் விடுங்கள், கோணல் இருந்தால் உடனே தெரியும். சிமெண்டுத் தரையில் உருட்டினால் குதிக்காமல் ஓட வேண்டும். அடுத்து, நடுவில் தளர்வாகப் பிடித்து ஒரு முனையைத் தரையில் தட்டுங்கள். நல்ல கம்பு கணீரென்று ஒரே சத்தமாகப் பேசும். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் பிசிறும், கையிலும் ஓர் அதிர்வு தெரியும். கணுக்களைச் சுற்றி விரலால் தடவுங்கள். குண்டூசி முனையளவு ஓட்டை இருந்து, தட்டும்போது அதிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டினால் வண்டு உள்ளே இருக்கிறது. அந்தக் கம்பை மட்டுமல்ல, அதோடு வந்த கம்புக் கட்டு முழுவதுமே வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான் வண்டு வருகிறது. வெட்டிய மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைப்பது அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றுவதற்குத்தான். இளம் மூங்கிலில் உறுதியும் வராது. ஆக, விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்று: எப்போது வெட்டியது, ஊறப்போட்டதா, அனலில் வாட்டி நிமிர்த்தியதா? வேலை தெரிந்தவர் இந்தக் கேள்வி வந்ததுமே உற்சாகமாகிப் பேச ஆரம்பித்துவிடுவார். தெரியாதவர் 'எல்லாம் நல்ல சரக்குதான்' என்று முடித்துக்கொள்வார்.

என் மாணவன் ஒருவன் இணையக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்த கம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க அவ்வளவு அழகு. பளபளவென்று வார்னிஷ், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். கொஞ்ச நாளிலேயே கணுவுக்குக் கீழே பிளந்தது. வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தால் வண்டு துளைத்த ஓட்டைகளை மரத்துக்குப் பூசும் புட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள்! நல்லவேளை, எதிரே யாரும் நிற்கவில்லை. சாயம் பூசாத, வார்னிஷ் அடிக்காத கம்பையே கேட்டு வாங்குங்கள் என்று பெற்றோர்களிடம் அன்றிலிருந்து கறாராகச் சொல்லிவருகிறேன். மெருகு வேண்டுமென்றால் வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம், கம்புக்கும் நல்லது.

நம் பக்கத்தில் மூங்கில் கடைகளில் சொல்லி வைத்தால் கல்மூங்கில் வரும்போது எடுத்து வைப்பார்கள். பிரம்புக்கு எல்லை தாண்டி, களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் சாலையில் பிரம்பு நாற்காலி, ஊஞ்சல் முடைபவர்களைப் பாருங்கள். தடிமன் சொன்னால் வெட்டித் தருவார்கள். பிடித்தால் பெருவிரல் சுற்றி வந்து மற்ற விரலைத் தொட வேண்டும், சின்னக் கைகளுக்கு அந்தக் கணக்குப் போதும். களரியில் 'ஒட்டா' என்று சொல்லும் வளைந்த மர ஆயுதத்தை மட்டும் மர ஆசாரியிடம்தான் செய்யச் சொல்ல வேண்டும். புளியில் வைரம் பாய்ந்த கட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

சரி, இரும்புக்கு வருவோம். உங்கள் மகளுக்கு இப்போது இது எதுவுமே வேண்டாம். ஆசான் சொல்லும் நாள் வரும்போது வாங்கினால் போதும். ஆனால் கேட்டதால் சொல்கிறேன்.

சுருள்வாளுக்கு, களரியில் உறுமி என்பார்கள், வில்லெஃகு, அதாவது ஸ்பிரிங் ஸ்டீல் வேண்டும். சோதிப்பது எளிது: சுருட்டிப் பிடித்துவிட்டு, ஆள் இல்லாத பக்கமாக மெதுவாக அவிழ்த்து விடுங்கள். பட்டை தானாக நேராக வேண்டும். வளைவு அப்படியே தங்கினால் அது சாதாரணத் தகடு, வீசும்போது எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம் பட்டை கைப்பிடிக்குள் போகும் இடம். விசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. பட்டை பிடிக்குள் ஆழமாக இறங்கி, ஆணி அடித்து இறுக்கியிருக்க வேண்டும். நுனியில் வெல்டிங் பொட்டு மட்டும் வைத்து ஒட்டியிருந்தால் கையிலேயே எடுக்காதீர்கள். பட்டையின் நடுவில் வெல்டிங் ஒட்டு இருந்தாலும் அப்படித்தான். ஓரத்தில் பழந்துணியை வைத்து இழுத்துப் பாருங்கள், பிசிறு இருந்தால் துணி மாட்டும். பயிற்சிக்கு எதையும் சாணை பிடிக்கக் கூடாது.

கொல்லர் பட்டறையில் போய் வாள் வேண்டும் என்றால் நல்ல கொல்லர் முதலில் மறுப்பார். ஆசானைக் கூட்டிக்கொண்டு வா என்பார். கோபப்படாதீர்கள், அவர்தான் நமக்கு வேண்டிய ஆள். ஒன்றும் கேட்காமல் எத்தனை வேண்டுமானாலும் அடித்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில் வாள், குத்துவாள், ஈட்டி, அப்புறம் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் தனிப் பிரிவாக வருகின்றன. அரசு அறிவித்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். வாங்குவதற்கு முன் ஆசானோடு போய் உங்கள் காவல் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள். நிகழ்ச்சிக்காக எல்லை தாண்டி எடுத்துப் போகும்போது உங்கள் பயிற்சிக் கழகத்தின் கடிதமும் அழைப்பிதழும் கையில் இருக்கட்டும்.

மான்கொம்பு விஷயத்தில் இன்னும் கவனம். இரண்டு மான்கொம்புகளைச் சேர்த்துச் செய்யும் மடுவு என்ற ஆயுதத்தை 'ஒரிஜினல் கொம்பு' என்று சொல்லி விற்க வருவார்கள். கலைமான், புள்ளிமான் கொம்புகளை விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரத்திலோ ஃபைபரிலோ செய்ததை வாங்குங்கள், பாடம் பழக அது போதும்.

கவசத்துக்கு மட்டும் இணையம் தாராளமாகப் போதும். தலைக்கவசம், மார்புக் கவசம், முழங்கால் கீழ்க்கவசம் எல்லாம் ஜலந்தர், மீரட் பக்கம் தொழிற்சாலைகளில் தயாராகி வருபவை, அளவுகள் ஒழுங்காக இருக்கும். தலைக்கவசத்தை மட்டும் மகளின் தலையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். தலையை வேகமாக ஆட்டும்போது கண்ணை மறைத்தால் பெரிது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடாதீர்கள்.

தூரத்தில் இருப்பவரிடம் கம்பு வரவழைக்க வேண்டியிருந்தால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கிப் பழகிப் பாருங்கள், பிறகு மொத்தமாகச் சொல்லலாம். ஐந்தரை அடிக் கம்பைக் கூரியரில் போட்டால் நீளத்துக்கே கட்டணம் ஏறும். லாரி பார்சலில் கட்டாகப் போட்டால் மலிவு, வகுப்பில் நாலைந்து பெற்றோர் சேர்ந்து போட்டால் இன்னும் மலிவு. பிளந்து வந்ததை மாற்றித் தருவாரா என்று முன்கூட்டியே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைப் பிரிக்கும்போதே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மழைக்காலத்தில் வந்த கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். பரணில் படுக்கப் போட்டு, சில நாள் காய்ந்தபின் மகள் கையில் கொடுங்கள்.