வாசகர் கேள்வி – பதில்: டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

வயது 34. வாரத்தில் நான்கு நாள் கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறேன். ஜனவரியில் நான்கு நாள் காஷ்மீரின் குல்மார்க் போகிறோம். ஸ்கீ கற்றுக்கொள்வதா, ஸ்னோபோர்டா? மார்ச்சில் கிளப் போட்டி இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

ஸ்கீ என்றால் காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை, ஸ்னோபோர்டு என்றால் இரண்டு காலுக்கும் ஒரே பலகை. நான்கு நாள்தான் என்றால் ஸ்கீயே போதும், யோசிக்கவே வேண்டாம். ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாளும் பெரும்பாலும் விழுவதிலும் எழுவதிலும் போய்விடும். மூன்றாம் நாள்தான் இடமும் வலமுமாகத் திரும்ப வரும், அதற்குள் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். ஸ்கீயில் முதல் நாள் மாலைக்குள் பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை விரித்து, ஆப்பு வடிவத்தில் வேகத்தைக் குறைத்து நிற்கப் பலருக்கும் வந்துவிடுகிறது. இதை ஸ்னோபிளவ் என்பார்கள், குழந்தைகளுக்கு 'பீட்சா' என்று சொல்லித் தருவார்கள். நாள்கள் கூடினால் கணக்கு மாறும். அந்த ஆப்பிலிருந்து இரண்டு பலகையும் இணையாக ஓடும் நிலைக்கு வர ஸ்கீயில் நெடுநாள் பிடிக்கும். ஸ்னோபோர்டிலோ, திருப்பம் ஒருமுறை கைவந்துவிட்டால் அதன் பிறகு முன்னேற்றம் வேகமானது.

இன்னொரு காரணம் உங்கள் ஆட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் தூரமாக வரும் பந்துக்கு ஓடி, வலக்காலை ஊன்றி, முழங்காலை மடக்கி, ஓப்பன் ஸ்டான்ஸில், அதாவது உடல் வலையைப் பார்த்திருக்க, ஃபோர்ஹேண்ட் அடிக்கிறீர்கள். அந்த நொடியில் உடலின் முழு எடையும் வலப்பாதத்தின் உள்விளிம்பில், பெருவிரல் பக்கம் நிற்கிறது. ஸ்கீயில் இடப்பக்கம் திரும்பும்போது தேவைப்படுவதும் இதேதான். வளைவின் வெளிப்பக்கப் பலகையான வலப்பலகையின் உள்விளிம்பில் எடை, முழங்கால் மடங்கல், அந்தக் காலுக்கு நேர் மேலே நிமிர்ந்த நெஞ்சு. ஸ்கீ ஆசிரியர்கள் நாள் முழுக்கக் கத்துவது 'வெளிக்காலில் நில்' என்பதைத்தான். கற்க வருகிற பெரும்பாலானோர் பயத்தில் மலைப்பக்கம் சாய்ந்து உள்காலில் எடையை வைப்பதால் விழுகிறார்கள். உங்கள் காலுக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

டென்னிஸ்காரர்கள் கொண்டுவரும் கெட்ட பழக்கங்களும் உண்டு. ஒன்று, தோளைச் சுழற்றித் திரும்ப முயல்வது. ஸ்கீயில் கால்கள் இடுப்புக்குக் கீழே திரும்ப வேண்டும், நெஞ்சு கூடியவரை சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தோள் சுழன்றால் எடை உள்காலுக்குத் தாவி, வெளிப்பலகை பிடியின்றி வழுக்கும். இரண்டாவது, குதிகாலை உயர்த்தி விரல்களில் நிற்பது. ஸ்கீ பூட்ஸுக்குள் குதிகால் எழும்பவே கூடாது. கணுக்கால் மடங்கி, முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்த வேண்டும். நாக்குக்கும் காலுக்கும் நடுவே ஒரு ரூபாய் நோட்டைச் செருகினால் அது கீழே நழுவாத அளவுக்கு அழுத்தம் எப்போதும் இருக்கட்டும். மூன்றாவது, பார்வை. பந்தைப் பார்க்கிற பழக்கத்தில் பலகையின் நுனியையே பார்ப்பீர்கள். அடுத்து எங்கே திரும்பப் போகிறீர்களோ அந்த இடத்தைப் பாருங்கள்.

குல்மார்க் ஊரே ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போன அன்றே பூட்ஸை மாட்டாமல் ஒரு நாள் மெதுவாக நடந்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள். புதியவர்களுக்கான சரிவுகள் கீழேயே உள்ளன. கொண்டோலா என்ற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடும். அங்கே சரிவுகள் சீர்படுத்தப்படாதவை, பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. சுற்றிப் பார்க்கப் போகலாம். பலகையோடு இறங்கப் போகாதீர்கள், வழிகாட்டி என்ன ஆசை காட்டினாலும் சரி.

இழுவை லிஃப்டில் செய்யக்கூடாத ஒரே வேலை உட்காருவது. கால்களுக்கு நடுவே வரும் அந்தத் தட்டு உங்களைப் பின்னாலிருந்து இழுத்துச் செல்வதற்கு மட்டுமே. நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்தவுடன் கம்பி நீண்டு பனியில் விழுவீர்கள். முழங்காலைத் தளர்த்தி, நின்றபடியே போக வேண்டும்.

ஸ்கீயில் முழங்கால் போகும், ஸ்னோபோர்டில் மணிக்கட்டு போகும் என்கிறார்கள். டென்னிஸ் ஆடுகிறவர் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?
– வாசகி, சென்னை

சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கட்டைவிரலை விட்டுவிட்டார்கள்.

முழங்காலிலிருந்து தொடங்குவோம். ஸ்கீயில் இரண்டு கால்களுக்கும் தனித்தனி நீளப் பலகை. பின்னால் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்ட நிலையில் ஒரு பலகையின் பின்முனை பனியைக் கவ்வித் திரும்பினால், அது நெம்புகோல் போல முழங்காலை முறுக்கி, அதற்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநாரை (ஏசிஎல்) கிழிக்கும். இது நடப்பது பெரும்பாலும் விழாமல் சமாளிக்கப் பார்க்கும்போதோ, வழுக்கிக்கொண்டே எழப் பார்க்கும்போதோதான். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கைகளை முன்னால் நீட்டி, பக்கவாட்டில் விழுந்துவிடுங்கள். முழுதாக நின்ற பிறகே எழுந்திருங்கள்.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டுக்குப் பைண்டிங் என்று பெயர். அது காலை விடுவிக்கும் அளவு எண்ணை வாடகைக் கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், திறமை ஆகியவற்றைக் கேட்டு வைப்பார். எடையைக் குறைத்துச் சொல்பவர்களுக்கு ஓடும்போதே பலகை கழன்றுகொள்ளும். திறமையைக் கூட்டிச் சொல்பவர்களுக்குக் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு படி குறைத்து வைப்பது முறை. வயதை மறைக்காதீர்கள்.

இனி கட்டைவிரல். கையில் ஸ்கீ ஊன்றுகோலைப் பிடித்தபடி விழும்போது கோலின் கைப்பிடி கட்டைவிரலை வெளிப்பக்கம் நெம்பி, அதன் அடிமூட்டிலுள்ள தசைநாரைக் கிழிக்கிறது. 'ஸ்கீயர் தம்ப்' என்றே இதற்குப் பெயர். சாவியைத் திருப்ப, சிட்டிகையில் எதையாவது பிடிக்க இந்தத் தசைநார்தான் வேண்டும். மட்டையை இறுக்கிப் பிடிக்கவும் இதுவேதான். கோலின் வாரில் கையை நுழைக்காதீர்கள், விழும்போது கோலைக் கைவிட்டுவிடுங்கள். முதல் நாள் கோலே இல்லாமல் பழகுவது இன்னும் நல்லது. விழுந்த பின் கட்டைவிரலின் உட்புற அடியில் வீக்கமும், பிடியில் வலுவின்மையும் இருந்தால் 'சுளுக்குதானே' என்று விடாமல் கை மருத்துவரைப் பாருங்கள். முழுதாகக் கிழிந்த தசைநாருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், தாமதித்தால் பலன் குறையும்.

ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருப்பதால் முழங்கால் முறுக்கு குறைவு, அதன் பைண்டிங்கும் கழலாது. அடி படுகிற இடம் மணிக்கட்டு, தோள், தலை, வால் எலும்பு. விழுகிறவர் கை தானாக நீளும், முழு எடையும் உள்ளங்கையில் இறங்கும். ஆகவே மணிக்கட்டுக் காப்பு, ஹெல்மெட், உள்ளே அணியும் பஞ்சு வைத்த கால்சட்டை மூன்றும் இல்லாமல் முதல் வாரம் இறங்க வேண்டாம். முன்னால் விழுந்தால் விரல்களை மூடி முஷ்டியாக்கி, முன்கை முழுவதும் படும்படி விழுங்கள். பின்னால் விழுந்தால் தாடையை நெஞ்சில் ஒட்டி, கையைப் பின்னால் ஊன்றாமல் உட்கார்ந்து உருளுங்கள். ஸ்னோபோர்டில் விழுந்தபின் கணுக்காலின் வெளிப்பக்கம் வலி நீடித்தால், சாதாரண எக்ஸ்ரேயில் தென்படாத சிறு எலும்பு முறிவு இருக்கக்கூடும். ஸ்னோபோர்டில் விழுந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

போட்டிக்கு இரண்டு மாதமே இருக்கிற ஆட்டக்காரருக்கு எங்கள் பரிந்துரை: கோலை வாரில்லாமல் பிடித்து ஸ்கீ. ஆடப் போட்டி எதுவும் இல்லாத ஆண்டென்றால் ஸ்னோபோர்டும் தாராளமாகப் பழகலாம்.

யானிக் சின்னர் பனிச்சறுக்கு வீரராக இருந்ததால்தான் ஹார்டு கோர்ட்டில் அப்படிச் சறுக்குகிறாரா?
– வாசகர், மதுரை

இத்தாலியின் தென் டிரோல் மலைகளில் ஸெஸ்டோ என்ற ஊரில் வளர்ந்தவர் சின்னர். சிறுவயதில் ஜெயண்ட் ஸ்லாலமில், அதாவது சரிவில் நட்ட கம்ப வாயில்களைச் சுற்றி இறங்கும் ஸ்கீ பந்தயத்தில், இத்தாலிய ஜூனியர் பட்டம் வென்றவர். 13 வயதில் ஸ்கீயை விட்டுவிட்டு, டென்னிஸுக்காக வீட்டைப் பிரிந்து கடலோர ஊரான போர்டிகேராவுக்குப் போனார். ஜோகோவிச்சுக்கும் பனி பக்கத்து வீடு போலத்தான். அவருடைய தந்தை ஸ்கீ வீரர், சிறுவயதில் அவர் மட்டையைப் பிடித்தது கோபாவ்னிக் என்ற பனிமலை ஊரில்.

அந்தச் சறுக்கல் முழுக்க ஸ்கீயின் கொடை என்று சொல்லிவிட முடியாது. ஹார்டு கோர்ட்டில் சறுக்குவது தனியாகப் பல ஆண்டு பழக வேண்டிய வித்தை. ஆனால் வெளிக்காலில் எடையை ஏற்றி, இடுப்பை உள்ளே இழுத்து, தலையை ஆட்டாமல் வைத்திருக்கும் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. சின்னர் பின்னங்கை அடிக்க அகலமாக வழுக்கிப் போய் நிற்கும் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஊன்றிய காலுக்கு மேலே தோள்கள் எப்படி மட்டமாக இருக்கின்றன என்று தெரியும். ஜெயண்ட் ஸ்லாலமில் வாயிலைச் சுற்றும் வீரரின் தோள்களும் அப்படித்தான் இருக்கும்.

மகளுக்கு 11 வயது. இங்கே கழகத்தில் ரெனிஸ் பழகுகிறாள். வருகிற பெப்ரவரியில் பள்ளிக்கூடத்து ஸ்கீலாகர் (பனிச்சறுக்கு முகாம்). பிள்ளை ஸ்னோபோர்ட்தான் வேணும் எண்டு நிக்கிறாள். எதைப் பழக்கினால் நல்லது?
– வாசகி, சூரிச்

அம்மா, ஸ்கீலாகரில் பிள்ளைகளைத் தரம் பிரித்துக் குழுக்களாக ஓட விடுவார்கள். அவளுடைய தோழிகள் பலர் நான்கு வயதிலேயே ஸ்கீ பழகியவர்களாக இருப்பார்கள். ஸ்கீயில் தொடக்கக் குழுவில் தனியாக நிற்க நேர்ந்தால் பிள்ளைக்கு மனம் சோரும். ஸ்னோபோர்டில் அவள் வயதுப் பிள்ளைகள் பலரும் புதிதாகத் தொடங்குபவர்களே. ஆகவே அவள் ஆசையைத் தடுக்க வேண்டாம். ஆனால் முகாமுக்கு முன் ஒரு வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்புங்கள். அந்த விழுகிற நாள்கள் இரண்டும் அங்கேயே கழியட்டும்.

வாடகைக் கடையில் பலகையின் நீளம் அவளுடைய தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வருகிறதா என்று பாருங்கள், தாடை ஓரமே நல்லது. பூட்ஸ் இறுக்கமாக, ஆனால் விரல் மடங்காமல் இருக்க வேண்டும். 'வளருகிற பிள்ளைதானே' என்று ஒரு அளவு பெரிதாக எடுத்தால் குதிகால் எழும்பி, விளிம்பைப் பிடிக்கவே முடியாது. மணிக்கட்டுக் காப்பை அவள் வேண்டாம் என்பாள். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீல அறிவிப்புப் பலகை வைத்த சரிவு எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை, பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். இதை அவளுக்கு மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்.

நான் வலக்கை ஆட்டக்காரன். சர்வ் போடும்போது இடக்கால் முன்னால் நிற்கும். ஸ்னோபோர்டிலும் அப்படியே நிற்கலாமா? திரும்பும்போது ஏன் சட்டென்று கவிழ்ந்து விழுகிறோம்?
– வாசகர், பெங்களூரு

பெரும்பாலும் அதே கால்தான், ஆனால் கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இடக்கால் முன்னால் என்றால் 'ரெகுலர்', வலக்கால் முன்னால் என்றால் 'கூஃபி'. வழவழப்பான தரையில் சாக்ஸோடு ஓடிவந்து வழுக்கிப் பாருங்கள். தானாக முன்னால் போகும் கால் எதுவோ அதையே முன்னால் கட்டுங்கள். கால்களுக்கு இடையே தோளகலம் இருக்கட்டும். முன்கால் பைண்டிங் 15 டிகிரி வெளியே திரும்பியும், பின்கால் 6 முதல் 9 டிகிரி வெளியே திரும்பியும் இருந்தால் தொடக்கத்துக்கு இதமாக இருக்கும். பூட்ஸின் முனை பலகைக்கு வெளியே அதிகம் நீண்டிருக்கக் கூடாது, நீண்டால் சாய்கிற நேரத்தில் பனியில் மாட்டும்.

கவிழ்வதற்குக் காரணம் கீழ்ப்பக்க விளிம்பு. பலகை சரிவுக்குக் குறுக்காக நிற்கும்போது மலைப்பக்க விளிம்பில்தான் நீங்கள் நிற்க வேண்டும். ஒரு கணம் தட்டையாக வைத்தாலும் கீழ்ப்பக்க விளிம்பு பனியைக் கவ்வும். பலகை நின்றுவிடும், உடல் மட்டும் தொடரும். குதிகால் பக்கம் கவ்வினால் பின்மண்டை அடிபடும், விரல் பக்கம் கவ்வினால் கையும் முகமும். அதனால் வரிசை மாறாமல் பழகுங்கள். முதலில் ஒரு காலை மட்டும் கட்டி, மற்றக் காலால் தள்ளித் தட்டையில் நகர்வது. பிறகு குதிகால் விளிம்பில் நேராக வழுக்கி இறங்குவது, அதே விளிம்பில் இலை விழுவது போல இடமும் வலமுமாக ஆடி இறங்குவது. பிறகு விரல் விளிம்பிலும் இவை இரண்டும். இந்த நான்கும் பயமில்லாமல் வந்தபின்தான் திருப்பம். திரும்பும்போது முன்காலில் எடையை வைத்து, முன்னால் போகும் தோளைப் போக வேண்டிய திசைக்குக் காட்டுங்கள், பலகை பின்தொடரும். பயத்தில் பின்காலில் சாய்ந்தால் முன்முனை பிடி இழந்து, பலகை திரும்பாமல் நேராகக் கீழே பாயும்.

இரண்டையும் ஒருவரே கற்க முடியுமா?
– வாசகி, திருச்சி

செக் நாட்டின் எஸ்டர் லெடெக்கா 2018 பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீயின் சூப்பர்-ஜி, ஸ்னோபோர்டின் பேரலல் ஜெயண்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வென்றார். சூப்பர்-ஜியில் வெற்றி வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். ஆனால் ஒரே பயணத்தில் இரண்டையும் தொடாதீர்கள். ஒன்றில் நீலச் சரிவில் நிம்மதியாக இறங்கும் நிலை வந்தபின் மற்றதைத் தொடங்குங்கள்.

ஸ்கீ பூட்ஸ் போட்டுப் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. பெரிய அளவு வாங்கலாமா?
– வாசகர், டொராண்டோ

வேண்டாம், பெரிய பூட்ஸ் வாங்கினால் குதிகால் ஆடும், அதைச் சமாளிக்க பக்கிளை இன்னும் இறுக்குவீர்கள், ரத்த ஓட்டம் இன்னும் குறையும். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் வெளி ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் லேசாகத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அளவு சரி. ஒரே ஒரு மெல்லிய உயரமான சாக்ஸ் போதும், இரண்டு போட்டால் மடிப்பு அழுத்தும். உள்ளே போடும் கதகதப்பான காலாடையைப் பூட்ஸுக்குள் நுழைக்காதீர்கள், பூட்ஸின் மேல்விளிம்புக்கு மேலே நிற்கட்டும். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே தள்ளி, முழங்காலை முன்னால் மடக்கியபடி கணுக்கால் பக்கிளை முதலில் மாட்டுங்கள். விரல் பக்கிளைக் கடைசியில், கழன்றுவிழாத அளவுக்கு மட்டும் மாட்டினால் போதும். லிஃப்டில் மேலே போகும்போது பக்கிள்களைத் தளர்த்திவிட்டு, இறங்குமுன் திரும்ப மாட்டுங்கள்.