கொம்பைலர் பாதியில் விழுந்தால் எங்கே தேடுவது?

எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்தான் கொம்பைலர். வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் சிறிய அலுவலகத்தின் கணக்கு மென்பொருள் ஃபிரீபிஎஸ்டி 9 இயங்குதளம் போட்ட பழைய இயந்திரத்தில் ஓடுகிறது. ராம் 1 ஜீபி. அந்த சீ பிளஸ் பிளஸ் நிரலைத் திரும்பக் கொம்பைல் செய்தால் 'இன்டர்னல் கொம்பைலர் எரர்' என்று நின்றுவிடுகிறது. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. என்ன செய்யலாம்?"

முதலில் நிரலைக் கிண்டுவதை விடுங்கள். நிரல் எவ்வளவு பிழையாக இருந்தாலும் கொம்பைலர் அந்தப் பிழையைச் சொல்ல வேண்டும், தானே விழக்கூடாது. எதையும் மாற்றாமல், கொம்பைலரை ஓட்டும் மேக் கட்டளையை மூன்று தடவை ஓட்டி, ஒவ்வொரு தடவையும் எந்தக் கோப்பில், எந்த வரியில் நின்றது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வழி அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், அல்லது சற்றுமுன் விழுந்த கோப்பு அடுத்த தடவை சத்தமில்லாமல் தாண்டிப் போனால், குற்றம் பெரும்பாலும் வன்பொருளில்தான். கொம்பைலர் ராமை மூலைமுடுக்கெல்லாம் பயன்படுத்தும். ஒரு பிட் புரண்டாலும் விழுந்துவிடும். கொட்டாஞ்சேனையில் நான் பார்த்த ஓர் இயந்திரம் பகலில் விழும், இரவில் ஒழுங்காக முடிக்கும். மூடியைத் திறந்தால் புரொசசர் விசிறிக்கு அடியில் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. துடைத்தபின் பகலிலும் ஓடியது. உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. மின்சாரத்தை நிறுத்தி, ராமைக் கழற்றி, அதன் தொடுமுனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள். அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை மாற்றுங்கள். கணக்கு இருக்கும் இயந்திரத்தில் அதை வைத்திருக்கவே கூடாது.

ஒரே கோப்பில் நின்று, 'கில்ட் 9' என்றும் வந்தால், நினைவகம் போதவில்லை. இயங்குதளத்தின் மையமான கேர்னலே கொம்பைலரைக் கொன்றிருக்கிறது. வார் லொக் அடைவிலுள்ள மெசேஜஸ் கோப்பில் 'அவுட் ஒஃப் ஸ்வாப் ஸ்பேஸ்' என்ற வரி இருக்கும். ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்தான் ஸ்வாப். அதை 2 ஜீபி வரை கூட்டுங்கள். மேக் கட்டளையில், ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை ஓட்டச் சொல்லும் மைனஸ் ஜே 4 போன்று கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஒரே வரியில், ஒவ்வொரு தடவையும் 'செக்மென்டேஷன் ஃபோல்ட் 11' (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு விழுந்தது) என்றால் கொம்பைலரின் பிழை என்றே கொள்ளலாம். ஃபிரீபிஎஸ்டி 9 உடன் வருவது 2007இல் வெளியான ஜீசீசீ 4.2.1 கொம்பைலர். நிரலை வேகமாக்கக் கொம்பைலர் எடுக்கும் முயற்சியைக் குறைத்து, அந்த ஒரு கோப்பை மட்டும் மைனஸ் ஓ2க்குப் பதில் மைனஸ் ஓ1 கொடுத்துக் கொம்பைல் செய்து பாருங்கள். சரிவராவிட்டால், அதே இயந்திரத்தில் கிளாங் கொம்பைலரும் ஏற்கனவே இருக்கிறது. அதைக் கொண்டு முழுவதையும் கட்டலாம். ஃபிரீபிஎஸ்டி 9க்கான ஆதரவு 2016 டிசம்பரோடு முடிந்துவிட்டதால், திருத்தம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

எந்த வழியில் போனாலும், இப்போது ஓடும் நிரல் கோப்பை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். புதிதாகக் கட்டியதில் போன மாதக் கணக்கை ஓட்டி, பழையதோடு சதம் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின்பே மாற்றுங்கள்.