ஜெனீவா பேரைச் சொல்லி பில் வந்திருக்கா? பேங்க்குக்கு போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஈரோட்டுல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். மஞ்சள் தூளும் மசாலாவும் சொந்த பிராண்ட்ல பண்றாங்க, சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்கு போகுது. இங்க போட்ட டிரேட்மார்க் அப்ளிகேஷனை வச்சு, ஒரே அப்ளிகேஷன்ல பல நாட்டுக்கு கேக்கற மேட்ரிட் முறையில அந்த மூணு நாட்டுக்கும் ஏஜென்ட் மூலமா அப்ளை பண்ணி, இன்டர்நேஷனல் நம்பரும் வந்துடுச்சு. ஆறு வாரம் கழிச்சு ஐரோப்பால இருந்து ஒரு தபால். லோகோ, பதிவு நம்பர், தேதி, கம்பெனி விலாசம் எல்லாம் அச்சு பிசகாம போட்டு, 10 நாளுக்குள்ள 2,380 யூரோ கட்டணும்னு இருக்கு. ஏஜென்ட்டை கேட்டா, "ஜெனீவா விஷயம் சார், கட்டலைன்னா கேன்சல் ஆகிடும், நான் அனுப்பி விடறேன், என் சார்ஜ் 15,000"னு சொல்றாராம். கட்டலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி.

கட்டாதீங்க. ஒரு யூரோ கூட கட்டாதீங்க. அந்த ஏஜென்ட்டுக்கு 15,000மும் குடுக்காதீங்க.

நீங்க அனுப்பின போட்டோவை பெருசு பண்ணிப் பார்த்தேன். மேல ஒரு உலக உருண்டை, சுத்தி இலை வளையம், பார்க்கோடு, "இன்டர்நேஷனல்", "ரெஜிஸ்டர்"னு கொட்டை எழுத்து. கீழ கடைசி வரிக்கும் கீழ வெளிறிப்போன சாம்பல் கலர்ல நாலு வரி இருக்கு பாருங்க, இது ஒரு ஆஃபர் மட்டும்தான், உங்க மார்க்கை எங்க வெப்சைட்ல போடறதுக்கான கட்டணம், எந்த அரசு அலுவலகத்தோடயும் எங்களுக்கு சம்பந்தம் இல்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அந்த நாலு வரிதான் நாளைக்கு கேஸ் வந்தா அவங்களைக் காப்பாத்துற கவசம். நீங்க பணம் கட்டினா உங்க பேரு யாரும் பார்க்காத ஒரு வெப்சைட்ல ஏறும், அவ்ளோதான். சட்டப்படி அதுக்கு காலணா மதிப்பு கிடையாது.

அப்புறம் எப்படி சார் என் லோகோ, என் நம்பர் எல்லாம் அவங்களுக்குத் தெரியும்னு கேப்பீங்க. எல்லாரும் மாட்டறது இந்த இடத்துலதான். ஜெனீவால இருக்கிறது வைப்போ, அதாவது உலக அறிவுசார் சொத்து அமைப்பு, ஐ.நா.வோட சிறப்பு அமைப்புகள்ல ஒண்ணு. அவங்க ஒவ்வொரு வாரமும் ஒரு கெசட் போடறாங்க, புதுசா பதிவான மார்க் எல்லாம் அதுல வரும், உரிமையாளர் பேரு விலாசத்தோட. உலகத்துல யார் வேணாலும் காசில்லாம பார்க்கலாம். இந்த கும்பல் வாராவாரம் அதை இறக்கி, விலாசம் எடுத்து, லெட்டர் அடிச்சு அனுப்புது. அதனால விவரம் சரியா இருக்குங்கறதால லெட்டர் உண்மைன்னு ஆகாது.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு, சொல்லிடறேன். ஐ.நா. அமைப்புகள்ல பலதும் உறுப்பு நாடுகள் குடுக்கற பணத்துல ஓடும். வைப்போ அப்படி இல்ல. அதோட வருமானத்துல 90 சதவீதத்துக்கு மேல பேடன்ட், டிரேட்மார்க்குக்கு உங்களை மாதிரி ஆளுங்க கட்டற ஃபீஸ். அதாவது அந்த அமைப்பை நடத்தறதே நீங்கதான். உங்க பணத்துல ஓடற இடம், உங்க விலாசத்தை ஊருக்கே தெரியற மாதிரி போடுது. அதைப் பிடிச்சு ஏமாத்தறவனைத் தடுக்க என்ன பண்ணுதுன்னா, வெப்சைட்ல ஒரு எச்சரிக்கைப் பக்கம், போலி லெட்டர் மாதிரிகள், போலீஸ்ல சொல்லுங்கன்னு ஒரு வரி. கைது பண்ற அதிகாரம் அவங்களுக்கு இல்லதான், அது அந்தந்த நாட்டு போலீஸ் வேலை. ஸ்வீடன்ல 2017ல இதே மாதிரி பில் அனுப்பின இருபதுக்கு மேற்பட்ட ஆளுங்களுக்கு மேல்முறையீட்டு கோர்ட்ல தண்டனை ஆச்சு, அப்போ முடியாததுன்னு இல்லையே. உறுப்பு நாடுகள் வருஷா வருஷம் ஜெனீவால கூடி ஃபீஸ், விதிமுறை எல்லாம் பேசுதுங்க, சின்ன வியாபாரி ஏமாறாம இருக்கறதுக்கு அதே அவசரத்தைக் காட்டினா என்ன?

சரி, இந்த அமைப்பு என்ன பண்ணுது என்ன பண்ணலைன்னு ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா, இந்த மாதிரி எந்த லெட்டர் வந்தாலும் உங்களுக்கு பதறாது. வைப்போ உங்களுக்கு "உலக டிரேட்மார்க்" குடுக்கல. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது, யாராவது அந்த வார்த்தையை சொல்லி பணம் கேட்டா அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க. மேட்ரிட் முறைங்கறது 1891ல ஆரம்பிச்ச ஏற்பாடு, இந்தியா சேர்ந்தது 2013 ஜூலை 8ம் தேதி. அதுல வைப்போவோட வேலை கிட்டத்தட்ட தபால் ஆபீஸ் வேலை. நீங்க இங்க ஒரு அப்ளிகேஷன் போடறீங்க, நம்ம இந்திய டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரி சரிபார்த்து ஜெனீவாக்கு அனுப்புது, ஜெனீவா ஃபார்ம் சரியா இருக்கா, ஃபீஸ் வந்துச்சான்னு பார்த்து நம்பர் போட்டு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் எமிரேட்ஸுக்கும் தகவல் அனுப்புது. உரிமை குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது அந்தந்த நாட்டு அலுவலகம், அதுக்கு 12 மாசமோ 18 மாசமோ டைம். அந்த கெடுவுக்குள்ள மறுப்பு வரலைன்னா அந்த நாட்டுல உங்க மார்க்குக்கு பாதுகாப்பு உண்டு.

இப்போ பணக்கணக்கைப் பாருங்க. நம்ம ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பற கட்டணம் 5,000 ரூபாய். வைப்போவுக்கு அடிப்படைக் கட்டணம் கருப்பு வெள்ளை லோகோன்னா 653 சுவிஸ் ஃபிராங்க், கலர்னா 903. அதுக்கு மேல ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம். முக்கியமானது என்னன்னா, இது மொத்தமும் கட்டி முடிச்சா தான் ஜெனீவால நம்பரே விழும். உங்க கையில நம்பர் இருக்கு, அதனால கட்ட வேண்டியதைக் கட்டியாச்சுன்னு அர்த்தம். அடுத்து வைப்போவுக்கு நீங்க பணம் கட்ட வேண்டியது 10 வருஷம் கழிச்சு ரினியூவலுக்கு. இடையில எவனாவது "பப்ளிகேஷன் ஃபீஸ்", "டேட்டாபேஸ் ஃபீஸ்"னு கேட்டா அது பொய். கெசட்ல போட தனியா காசு கிடையாது.

கரூர்ல வீட்டு ஜவுளி பண்ற ஒருத்தர், எனக்குத் தெரிஞ்சவர்தான், இதே மாதிரி லெட்டரைப் பார்த்துட்டு பேங்க்ல வெளிநாட்டுக்கு பணம் அனுப்பற ஏ2 ஃபார்ம் பூர்த்தி பண்ணி பணத்தை அனுப்பிட்டு அப்புறம் எனக்கு போன் பண்ணார். எதுக்குன்னு எழுதினீங்கன்னு கேட்டேன், "டிரேட்மார்க் கட்டணம்"னு எழுதினேன்னார். பேங்க்ல யாரும் ஒரு கேள்வி கேக்கல. பணம் போன நாலு நாள் கழிச்சு என்ன பண்ண முடியும்? அடுத்த வருஷம் அதே கும்பல்கிட்ட இருந்து "புதுப்பிப்பு"ன்னு இன்னொரு பில் வந்துச்சு, ஒரு தடவை கட்டினவன் மறுபடியும் கட்டுவான்னு அவங்களுக்குத் தெரியும்.

உங்க ஏஜென்ட் "கேன்சல் ஆகிடும்"னு சொன்னாரே, அதைப் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். நிஜமாவே கேன்சல் ஆகறதுக்கு ஒரு வழி இருக்கு, ஆனா அது ஐரோப்பால இல்ல, சென்னை கிண்டில, நம்ம டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரில இருக்கு. உங்க இன்டர்நேஷனல் பதிவு முதல் 5 வருஷம் உங்க இந்திய டிரேட்மார்க்கைப் பிடிச்சுத்தான் நிக்கும். இங்க உங்க அப்ளிகேஷன் தள்ளுபடி ஆனாலோ, யாராவது எதிர்ப்பு மனு போட்டு ஜெயிச்சாலோ, நீங்களே கவனிக்காம விட்டு அபாண்டன்ட், அதாவது கைவிட்டதுன்னு ஆனாலோ, சிங்கப்பூர், மலேசியா, துபாய் மூணும் சேர்ந்து விழும். 5 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்ச கேஸ் 6வது வருஷம் முடிஞ்சாலும் அதே கதிதான். அப்படி விழுந்தா 3 மாசத்துக்குள்ள ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியா அப்ளிகேஷனா மாத்திக்கலாம், பழைய தேதி நிக்கும், ஆனா அங்கங்க வக்கீல் வைக்கணும், செலவு திரும்ப முதல்ல இருந்து. அதனால உங்க இந்திய நம்பரைப் போட்டு ரெஜிஸ்ட்ரி சைட்ல ஸ்டேட்டஸ் பாருங்க. "ரெஜிஸ்டர்ட்"னு இருந்தா பெரும்பாலும் நிம்மதி. "அப்ஜெக்டட்"னு இருந்தா ரெஜிஸ்ட்ரி ஆட்சேபணை சொல்லி எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் வந்திருக்கு, 30 நாளுக்குள்ள பதில் போயிருக்கணும், போச்சான்னு பாருங்க. ரெஜிஸ்ட்ரியோட டிரேட்மார்க் ஜர்னல்ல வந்து 4 மாசம் ஆகலைன்னா எதிர்ப்பு வர இன்னும் டைம் இருக்கு. நம்ம ரெஜிஸ்ட்ரியை நம்பி சும்மா இருக்காதீங்க, 2016 மார்ச்ல பேக்லாக்கைக் குறைக்கறேன்னு லட்சத்துக்கு மேல அப்ளிகேஷனை ஒரே வீச்சுல அபாண்டன்ட்னு போட்டாங்க, பதில் போட்டவங்களுதும் அதுல மாட்டுச்சு, டெல்லி ஹைகோர்ட் தலையிட்டு தான் நிறுத்துச்சு. பதில் போட்ட ரசீது, தேதி எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து ஃபைல்ல வைங்க. ஐரோப்பா லெட்டருக்கு பயப்படற பயத்துல பாதியை இதுக்கு வச்சா போதும்.

உங்க ஏஜென்ட் விஷயத்துல இன்னொண்ணு. 2021ல இருந்து மேட்ரிட் அப்ளிகேஷன்ல உரிமையாளரோட ஈமெயில் கட்டாயம். நிறைய ஏஜென்ட்டுங்க அந்தக் கட்டத்துல கஸ்டமர் ஈமெயிலுக்கு பதிலா தன்னோட இன்னொரு ஐடியையே போட்டு வச்சிடறாங்க. வைப்போ ஏற்கனவே ஏஜென்ட் மூலமா தான் கடிதப் போக்குவரத்து நடத்தும், இதுல உங்க ஐடியும் அவர் கையில இருந்தா நிஜமான நோட்டீஸ் எதுவுமே உங்க கண்ணுல படாது, போலி லெட்டர் மட்டும் தபால்ல வீடு தேடி வரும். நீங்க பார்க்கறது அது ஒண்ணுதான்னா பயம் வராம என்ன செய்யும்? அப்ளிகேஷன் காப்பியை வாங்கிப் பாருங்க. குடுக்க மாட்டேன்னா ஏஜென்ட்டை மாத்துங்க, வைப்போல அதுக்கு கட்டணம் கிடையாது. உரிமையாளர் பேரு உங்க கம்பெனி பேரு தானான்னும் பாருங்க. துபாய், மலேசியா டிஸ்ட்ரிபியூட்டர் "இங்க நானே பதிவு பண்ணிக்கறேன்"னு சொன்னா சம்மதிக்காதீங்க, நாளைக்கு வியாபாரத்துல மனஸ்தாபம் வந்தா உங்க மஞ்சள் உங்க பேர்லயே அங்க இறங்க முடியாம போயிடும்.

மேட்ரிட் மானிட்டர்னு வைப்போவோட இலவச தேடல் இருக்கு. உங்க ஏழு இலக்க நம்பரைப் போட்டா மூணு நாட்டு நிலவரமும், ரினியூவல் தேதியும் அதுலயே வரும். மறுப்புன்னு ஏதாவது வந்திருந்தா அங்க தெரியும், அதுக்கு அந்த நாட்டு வக்கீல் வழியா கெடுவுக்குள்ள பதில் போடணும், அந்தச் செலவு மட்டும் நியாயமான செலவு. வேற எந்த லெட்டர்ல சந்தேகம் வந்தாலும் லெட்டர்ல இருக்கற போன் நம்பருக்குக் கூப்பிடாதீங்க, வைப்போ சைட்டுக்கு நீங்களா போய் அதுல இருக்கற தொடர்புப் பக்கத்துல நம்பரைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்க.

இதைப் படிக்கறதுக்குள்ள பணத்தை அனுப்பிட்டீங்கன்னா இன்னைக்கே பேங்க்குக்கு நேர்ல போய் ரீகால், அதாவது பணத்தைத் திரும்ப வரவழைக்கச் சொல்லி எழுதிக் குடுங்க, கையோட சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க. அனுப்பலைன்னா லெட்டரைக் கிழிச்சுப் போடாதீங்க, ஸ்கேன் பண்ணி வைப்போவுக்கு அனுப்பி வைங்க.