எண்டர் தட்டும் முன் நோட்டில் எழுது!

சார், கணக்கு வாத்தியாரான உங்களுக்குக் கம்ப்யூட்டர் மேல் இவ்வளவு ஆசை எப்படி வந்தது?

அது ஒருநாள் வகுப்பில் என் மானத்தை வாங்கியபோது வந்தது!

ஒன்றுடன் லட்சத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். கிடைப்பதை லட்சம் அடுக்குக்கு உயர்த்துங்கள். 2.71826 வரும். லட்சத்தைக் கோடியாக்கினால் ஆய்லர் எண்ணான 2.71828-ஐ இன்னும் நெருங்கும். எவ்வளவு பெரிய எண்ணைப் போடுகிறோமோ அவ்வளவு நெருக்கம் என்று பலகையில் நிரூபித்துவிட்டு, வேடிக்கை காட்டத் திரையில் ஓட்டினேன். 1-க்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்டதும் 3.035 என்றது. வகுப்பே சிரித்தது. 16 பூஜ்யம் போட்டேன். வெறும் 1!

அன்றைய பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இதையே துருவினோம். கம்ப்யூட்டர் ஓர் எண்ணில் சுமார் 16 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 1-க்கு அடுத்து அதற்குத் தெரிந்த எண், 1-ஐ 52 முறை பாதியாக்கினால் வரும் துளி அளவே தள்ளி இருக்கிறது. அந்தத் துளியில் பாதிகூட இல்லாததைக் கூட்டினால் அதன் கணக்கில் ஒன்றுமே கூடவில்லை. ஒன்றை எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் ஒன்றுதானே? ஒரு கணக்கு நெருங்கிக்கொண்டே போகும் ‘எல்லை’ என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

விடையைக் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டால் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட மாட்டார்களா?

நாம் விட்டால் விட்டுவிடுவார்கள். என் வகுப்பில் ஒரே ஒரு கண்டிப்பு: எண்டர் தட்டும் முன் என்ன வரும் என்று நோட்டில் எழுத வேண்டும். பேனாவால். அடித்தல் கூடாது.

1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால் 10-ஐத் தாண்ட எத்தனை உறுப்புகள் வேண்டும்? நூறு, ஐந்நூறு என்று எழுதுவார்கள். 12,367 வேண்டும். சரி, 20-ஐத் தாண்ட? இதில் இரு மடங்கு என்று எழுதாதவர் குறைவு. விடை 27,24,00,600. லேப்டாப்பே மூச்சு வாங்கும்.

இந்த நத்தை வேகத்தைப் பார்த்தால் எங்கேயோ நின்றுவிடும் என்றே தோன்றும். நிற்காது. அதைச் சொல்லக் கம்ப்யூட்டரால் ஆகாது. 1/3-உம் 1/4-உம் சேர்ந்தால் அரைக்கு மேல், அடுத்த நாலு உறுப்புகள் சேர்ந்தாலும் அரைக்கு மேல், அதற்கடுத்த எட்டும் அப்படியே, இப்படி அரை அரையாக ஏறிக்கொண்டே போகும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் காட்டிவிட்டார். திரையில் ஏமாந்த பிறகு இந்த நாலு வரியைச் சொன்னால் கேட்கிற காதே வேறு.

ஆறாம் வகுப்புப் பையனுக்கு எதில் தொடங்கலாம்?

வடிவியலுக்கு, திரையில் வடிவம் வரைந்து நகர்த்திப் பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருள் போதும். முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தபடி நடுக்கோடுகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆமை, நாம் சொல்கிறபடி திரையில் நகர்ந்து கோடு போடுவது. 1967-இல் கணித அறிஞர் சேமூர் பேப்பர்ட்டும் நண்பர்களும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் பேர்பெற்றது, இன்று பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியோடு சேர்ந்தே வருகிறது. கொஞ்சம் நட, திரும்பு, இதையே ஐந்து முறை செய். ஒவ்வொரு முறையும் 72 டிகிரி திரும்பினால் ஐங்கோணம், 144 என்றால் நட்சத்திரம். ஏன் சரியாக இரட்டிப்பு என்று பையன் கேட்பான். தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள், ஒரு வாரமாவது.