சும்மா வரைஞ்சு குடுத்தா சிக்கல் இல்லன்னு யாரு சொன்னது?

மண்டபம் ஊருக்குப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. வயசு 19, ராமநாதபுரத்துல காலேஜ், போன்ல ஐபிஸ் பெயிண்ட்ங்கிற ஆப் வச்சு விரலாலயே வரையுது. சொந்தக்காரங்க தெருக்காரங்கன்னு நாப்பது படத்துக்கு மேல சும்மாவே வரைஞ்சு குடுத்திருச்சாம். கல்யாண ஜோடி, காதுகுத்து, அப்புறம் நம்ம கரையில எல்லாரும் கேக்குற அந்த ஒண்ணு, கடலுக்குப் போயி திரும்பாத அப்பாவையோ அண்ணனையோ குடும்ப போட்டோவுல சேத்து வரையறது. இனிமே காசு வாங்கலாமான்னு ஒரு யோசனை. ஆனா சொந்தத்துக்குள்ள காசு கேட்டா அசிங்கம்னு அம்மா சொல்றாக, ஜிஎஸ்டி அது இதுன்னு மாட்டிக்குவோமோன்னு பயம் வேற, இடையில ஒரு பிளக்ஸ் கடைக்காரர் ஒரு முகத்துக்கு 100 ரூபா தர்றேன், பைலையும் சேத்துக் குடுத்துருன்னு கேக்குறாராம். என்ன பண்ணட்டும்னு கேள்வி.

வாங்கு தங்கச்சி. தாராளமா வாங்கு. ஆனா எப்படி வாங்கணும்கிறதுல ஒரே ஒரு வில்லங்கம் இருக்கு, அத மட்டும் நல்லா கேட்டுக்க, மத்ததெல்லாம் நீ பயப்படுற அளவுக்கு ஒண்ணுமே இல்ல.

மொதல்ல இந்த "சும்மா"ங்கிற வார்த்தைய எடுத்துக்குவோம். நான் பிளக்ஸ் கடையில போட்டோஷாப் பையனா இருந்து வந்தவன், அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி பல வருஷம் ஒக்காந்திருக்கேன். யாராவது வாட்ஸப்ல ஒரு படத்தக் கொண்டு வருவாக, "எங்க சித்தி மக வரைஞ்சதுண்ணே, அப்படியே பெருசா போட்டுருங்க"ன்னு சொல்லுவாக. நான் அத ஆறுக்கு நாலு சைஸுக்கு இழுத்து, கீழ பேர், தேதி, மண்டபம் அடிச்சு விடுவேன். பில்லுல சதுர அடிக் கணக்கு ஒண்ணு, அதுக்குக் கீழ "டிசைன் சார்ஜ் 300"ன்னு ஒண்ணு. எங்க முதலாளி எழுதச் சொல்லுவாரு, நானும் கூசாம எழுதிருக்கேன். சித்தி மகளுக்கு அது தெரியவே தெரியாது. ஆக உன் படத்துக்கு ஏற்கனவே காசு வாங்கிட்டுத்தான் இருக்காக, என்ன, வாங்குறது நீ இல்ல.

வரி விஷயத்த சட்டுனு முடிச்சிருவோம். சேவை பண்றவங்களுக்கு வருஷ வரவு 20 லட்சத்தத் தாண்டுனாத்தான் ஜிஎஸ்டி பதிவுங்கிற பேச்சே வரும். உனக்கு மாசம் பத்துப் படம் வந்தாலும் அந்தக் கணக்குக்கும் உனக்கும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் உள்ள தூரம். வருமான வரி புது முறையில 2025-26 கணக்குப்படி 12 லட்சம் வரைக்கும் கட்ட வேண்டியதில்ல, ஆனா மொத்த வருமானம் 4 லட்சத்தத் தாண்டுனா ரிட்டர்ன் மட்டும் போட்டுரணும். அவ்வளவுதான். ஒரு நோட்டுல தேதி, பேர், ரூபா மூணையும் எழுதிட்டு வா. "ஜிஎஸ்டி எடுக்காம காசு வாங்குனா கேஸாகிரும், 2500 குடு நான் எடுத்துத் தர்றேன்"னு ஒருத்தன் வருவான் பாரு, அவன வாசல்லயே நிறுத்திரு. ஒருதடவை எடுத்துட்டா யாவாரமே இல்லன்னாலும் கணக்குத் தாக்கல் பண்ணிக்கிட்டே இருக்கணும், மறந்தா லேட் பீஸு, அதுக்கும் அவனுக்கே கூலி.

இதே வரிசையில இன்னும் சில பேர் வருவாக. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு பண்ணாத்தான் லோன் கிடைக்கும்னு சொல்லி 1500, 2000 வாங்குறவக. அந்தப் பதிவு அரசாங்க இணையதளத்துல முழு இலவசம், ஆதார் நம்பரும் பான் நம்பரும் இருந்தா நீயே போன்ல போட்டுக்கலாம். இலவசம்னு அந்தத் தளத்துலயே போட்டிருக்கு, ஆனா அதே பேர்ல தேடுனா காசு புடுங்குற தனியார் தளமும் வந்து நிக்கும், பாக்க அரசாங்கம் மாதிரியே கலரு, சிங்கம் எல்லாம். இதத் தடுக்க ஒரு ஆளு இல்ல இந்த நாட்டுல, கேட்டா "விழிப்புணர்வு"ன்னு ஒரு நோட்டீஸ் அடிப்பாக, அந்த நோட்டீஸையும் யாராவது ஒரு பிள்ளை சும்மாதான் டிசைன் பண்ணிக் குடுத்திருக்கும். அப்புறம் 499 கட்டுனா சர்வதேச ஓவியர் சர்டிபிகேட்டுங்கிற கூட்டம். உன் படத்த என்எப்டியா, அதாவது இணையத்துல விக்கிற டிஜிட்டல் சொத்தா, லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கிறேன், நீ அதப் பதியிறதுக்கான கேஸ் பீ மட்டும் கட்டுங்கிற வெள்ளைக்காரப் பேரு. எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான், வாங்குறவன் உன்கிட்ட காசு கேக்குறான்னா அவன் வாங்க வரல.

நம்ம பக்கத்துக்குன்னே ஒண்ணு இருக்கு. "நான் உச்சிப்புளி நேவில இருக்கேன், மகளுக்குப் பொறந்தநாள், நாலு படம் வேணும், எங்க ஆபீஸ் ரூல்படி நீ இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணாத்தான் பணம் ஏறும்"னு இந்தியில பேசுவான், யூனிபார்ம் போட்ட போட்டோவும் அனுப்புவான். நிஜமாவே அங்க கடற்படை விமானதளம் இருக்கிறதால நம்மாளு நம்பிருவான். பணம் வாங்குறதுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே காசு உன் அக்கவுண்டுல இருந்து போகுதுன்னு அர்த்தம். போயிருச்சுன்னா வீட்டுல திட்டு விழும்னு மறைக்காம அடுத்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடி.

சரி, அந்த வில்லங்கத்துக்கு வர்றேன்.

சில வருஷத்துக்கு முந்தி ஒரு குடும்பம் அவுக தாத்தா படம் வேணும்னு வந்தாக. 1500 ரூபா பேசி நாலு ராத்திரி முழிச்சு வரைஞ்சேன், அந்த மீசைக்கு மட்டும் ஒரு ராத்திரி போச்சு. வீட்டுல மாட்டுறதுக்குன்னுதான் சொன்னாக. ஒரு வருஷம் கழிச்சு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கடையில கருவாட்டுப் பாக்கெட்டு தொங்குது, அதுல என் தாத்தா, அதாவது அவுக தாத்தா, சிரிச்சுக்கிட்டு இருக்காரு. போயி கேட்டா "காசு குடுத்துத்தானப்பா வாங்குனோம்"ன்னுட்டாக. கோவத்துல ஒரு வக்கீலப் போயி பாத்தேன், அவரு 1957 காப்பிரைட் சட்டத்தத் தொறந்து 17ஆம் பிரிவக் காட்டுனாரு. படைச்சவனுக்குத்தான் உரிமைன்னு மொதல்ல நல்லாத்தான் ஆரம்பிக்குது. ஆனா உடனே ஒரு விதிவிலக்கு. ஒருத்தர் கேட்டு, அவரு காசுக்கு, நீ போர்ட்ரெய்ட்டோ பெயின்டிங்கோ வரைஞ்சா, வேற மாதிரி பேசிக்கலன்னா, உரிமை காசு குடுத்தவருக்குத்தான் மொதல்லயே போகுது. போட்டோவுக்கும் அதே கதைதான். விளங்குதா? சும்மா வரைஞ்சு குடுத்திருந்தா அந்த மீசைக்கு நான்தான் சொந்தக்காரன், 1500 வாங்குனதால இல்லாமப் போச்சு.

இதக் கேட்டதும் "அப்ப சும்மாவே குடுக்குறது நல்லதுதானே"ன்னு தோணும். தோணக் கூடாது. "வேற மாதிரி பேசிக்கலன்னா"ன்னு இருக்கு பாரு, சாவி அங்கதான் தொங்குது. பேசிக்க. சட்டம் எழுதுனவக காலத்துல இந்த டச் போன் இல்ல, விரல்ல வரையிற போர்ட்ரெய்ட் இதுல வருமா வராதான்னு வக்கீலுங்க வேணும்னா வாதாடட்டும், நமக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி, வரும்னே வச்சுக்கிட்டு ஒரு வரிய முன்னாடியே அனுப்பிரணும். இப்படி அனுப்பு:

"படத்தை வீட்டில் மாட்டலாம், பத்திரிகையில், பிளக்ஸில், ஸ்டேட்டஸில் போடலாம். காப்பிரைட் வரைந்த என்னிடமே இருக்கும். விற்பனைப் பொருளில் போடுவதென்றால் தனியாகப் பேசிக்கொள்ளலாம். சம்மதம் என்றால் சரி என்று பதில் அனுப்பவும்."

அவுக "சரி"ன்னு அனுப்புறது வரைக்கும் ஒரு கோடு கூட இழுக்காத. அந்தச் சாட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, போன் தண்ணியில விழுந்தாலும் போயிராம மெயில்லயும் ஒண்ணு போட்டு வை. கோர்ட்டுக்குப் போறதுக்காகச் சொல்லல. நீ குடியிருக்கிற ஊரு ஜில்லா கோர்ட்டுலயே கேஸ் போடலாம்னு சட்டம் சலுகை குடுத்திருக்குதான், ஆனா 500 ரூபா படத்துக்கு வாய்தா வாய்தாவா நடந்தா பஸ் காசே மூவாயிரம் ஆகிரும். எழுத்துல ஒண்ணு இருந்தா ஆளுங்க அடங்கி நடப்பாக, அதுக்குத்தான்.

காப்பிரைட்ட ரிஜிஸ்டர் பண்ணணுமான்னு அடுத்து கேப்ப. கட்டாயம் இல்ல, நீ வரைஞ்சு முடிச்ச நிமிஷமே உரிமை பொறந்திருது. பதிவு பண்ணணும்னா ஓவியத்துக்கு 500 ரூபா பீஸ், பொருள் மேல போடுறதுன்னா 2000, மறுப்பு எதுவும் வருதான்னு பாக்க ஒரு மாசம் காத்திருப்பு, அதுக்கு மேல அவுக இழுவை வேற. நாப்பது படத்துக்கும் பண்றேன்னு கெளம்பிராத. அதுக்குப் பதிலா கையெழுத்தப் போடு. ஓரத்துல போட்டா வெட்டிருவாக, தோள்பட்டை மடிப்புல, சேலை பார்டருக்குப் பக்கத்துல, வெட்டுனா படமே கெட்டுப்போற எடத்துல போடு. உரிமையையே வித்துட்டாலும் "இத வரைஞ்சது நான்"னு சொல்லிக்கிற உரிமை உன்னை விட்டுப் போகாது, அது 57ஆம் பிரிவு.

இன்னொண்ணு, கல்யாண போட்டோவப் பாத்து வரையிறியே, போட்டோகிராபர் சண்டைக்கு வருவாரோன்னு சில பேருக்குப் பயம். அதே 17தான் இங்க உனக்கு ஒத்தாசை, வேற மாதிரி பேசிக்கலன்னா காசு குடுத்து எடுக்கச் சொன்ன குடும்பத்துக்குத்தான் அந்த போட்டோ சொந்தம், அவுக குடுத்தா நீ வரையலாம்.

இப்பப் பிளக்ஸ் கடைக்காரர் கணக்கப் பாரு. அவரு கேட்டு, அவரு காசுக்கு வரையிற, பேச்சு எதுவும் இல்ல. ஆக 100 ரூபாய்க்குப் படமும் அவருது, உரிமையும் அவருது. பைலையும் சேத்துக் குடுத்தா லேயர் லேயரா, அதாவது முகம் தனி சேலை தனின்னு அடுக்கடுக்கா பிரிச்சு, நீ வரைஞ்ச பட்டுச் சேலைய அப்படியே வச்சுக்கிட்டு முகத்த மட்டும் மாத்தி அடுத்த அம்பது கல்யாணத்துக்கு ஓட்டுவாரு. நான் ஓட்டிருக்கேன், அதனாலதான் சொல்றேன். மாசச் சம்பளத்துக்குச் சேந்துட்டா வேலை நேரத்துல வரையிறது எல்லாமே கடைக்குத்தான், அது வேற கதை.

வெலை என்ன வைக்கன்னா, ஒரு படத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு மூணு படத்துக்குக் குறிச்சுப் பாரு. ஒரு மணிக்கு 100 ரூபாயாவது போடு, அதுக்குக் கீழ போகாத. நாலு மணி நேரப் படம்னா 400. பாதி முன்பணம். மொதல்ல சின்ன சைஸ்ல, குறுக்க பேர் போட்டு, மாதிரி அனுப்பு, மீதிக் காசு ஏறுனதும் பெரிய பைல் அடுக்கு பிரிக்க முடியாத ஜேபெக்கா அனுப்பு, அதையும் வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்பு, இல்லன்னா அது அமுக்கி நசுக்கிரும். ஏ4ல தெளிவா பிரிண்ட் வரணும்னா கேன்வாஸ ஆரம்பத்துலயே 2480க்கு 3508 பிக்சல் வச்சுக்க, பின்னாடி பெருசாக்குனா கண்ணு மூக்கெல்லாம் கொழகொழன்னு ஆகிரும். போன் திணறுனா லேயரக் கொறைச்சுக்க.

காசு வாங்குனா வரையிற ஆசை போயிருமோன்னு கடைசியில ஒரு வரி எழுதிருந்த. காசால போகாது, "திருத்தத்தால" போகும். "கொஞ்சம் கலராப் போடுங்க"ம்பாக. இந்த ஒரு வார்த்தை போதும், மூணு நாள் தின்னுரும். ஒருதடவை பாம்பன் பக்கம் ஒருத்தர் தன் அய்யா படத்தக் கேட்டாரு, இருந்தது மீனவர் அட்டையில ஒட்டுன ஸ்டாம்பு சைஸு போட்டோ ஒண்ணுதான், பாதி லேமினேஷன்ல ஒட்டிக்கிட்டுப் போயிருச்சு. வெயில்ல கருத்த ஆளு. மகன் மூணு தடவை செவப்பாக்கச் சொன்னாரு, நானும் ஆக்கிக் குடுத்தேன். பிரேம் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனா, அந்தம்மா கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு "இது யாருடா?"ன்னு கேட்டாகளாம். மறுபடி மொத லேயருக்குத் திரும்பிப் போயி வரைஞ்சு குடுத்தேன். அதுல இருந்து ரெண்டு திருத்தம் வரைக்கும் சும்மா, மூணாவதுக்கு 100 ரூபான்னு முதல் மெசேஜ்லயே போட்டுருவேன், செவப்பாக்குற வியாதி பாதி கொறைஞ்சிருச்சு.

அம்மா சொல்றதையும் தள்ளிராத. சொந்தத்துக்கு வருஷத்துக்கு இத்தனைதான்னு ஒரு கணக்கு வச்சுக்க, அத மொய்யா நெனைச்சுக் குடு, "இது என் மொய்"னு வாய் விட்டுச் சொல்லிக் குடு, அப்பத்தான் அதுக்கு ஒரு வெலை இருக்குன்னு அவுகளுக்கும் தெரியும். கடல்ல போனவுக படத்துக்குக் காசு வாங்கலாமான்னு என்கிட்ட கேட்டா, நான் வாங்குறதில்ல. நீ வாங்குனாலும் தப்பில்ல, பிரேம் கடைக்காரர் வாங்கத்தான செய்றாரு. ஆனா வாங்காத படத்துக்கும் அந்த மெசேஜ அனுப்பிரு.

பிளக்ஸ் கடைக்காரருக்கு இன்னைக்கே பதில் போட்டுரு. ஒரு முகம் 400, ஜேபெக் மட்டும், லேயர் பைல் கெடையாது, முன்பணம் 200. அநேகமா பதில் வராது. இப்ப மீன்பிடித் தடைக்காலம், கரையில யாரு கையிலயும் காசு இல்ல, உனக்கும் ஆர்டர் மந்தமாத்தான் இருக்கும், அந்த அவசரத்துல 100க்கு ஒத்துக்கிட்டா அப்புறம் அந்த வெலைய ஏத்தவே முடியாது. ஜூன் 14 முடிஞ்சு படகு எறங்கட்டும், ஆவணியில கல்யாணம் வரிசை கட்டும்போது அவரே கூப்புடுவாரு.