சுவர் ஏன் ராத்திரியிலும் சுடுகிறது?

வானிலைச் செய்தியில் 37 டிகிரி. செயற்கைக்கோள் படத்தில் எங்கள் பகுதி 42 என்று சிவந்து கிடக்கிறது. எதை நம்புவது? (வியாசர்பாடி)

இரண்டையும். வானிலை நிலையத்தில் அளப்பது, காற்றோட்டமான பெட்டிக்குள் நிழலில் இருக்கும் காற்றின் வெப்பத்தை. செயற்கைக்கோள் பார்ப்பது கூரை, தார் ரோடு, மண் இவற்றின் மேற்பரப்பை. மே மாதம் செருப்பில்லாமல் மொட்டை மாடி ஏறினால் வித்தியாசம் புரிந்துவிடும். இந்தப் படங்களை எடுக்கும் லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்து மணி வாக்கில். பெரும்பாலும் கடல்காற்று உள்ளே வருமுன். இன்னொன்று: பளபளக்கும் புதுத் தகரக் கூரை படத்தில் குளுமையாகத் தெரியும். வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் குணம் அதற்குக் குறைவு, அவ்வளவுதான். தொட்டால் கை பொத்துவிடும்.

கடல் கூப்பிடு தூரம். இரவு 11 மணிக்கும் சுவரில் கை வைக்க முடியவில்லையே? (ராயபுரம்)

எனக்குப் பகல் சிவப்பைவிட இதுதான் பெரிய கவலை. பகலெல்லாம் குடித்த வெயிலைச் செங்கல்லும் கான்கிரீட்டும் இரவில்தான் கக்கும். திறந்தவெளி என்றால் அது வானத்துக்குப் போய்விடும். ஆறடிச் சந்தில் எதிர்வீட்டுச் சுவர் குறுக்கே நிற்கிறது. அது விட்டதை இது வாங்கி, இது விட்டதை அது வாங்கி விடிந்துவிடும். மேற்குப் பார்த்த சுவர்தான் மோசம். கட்டிலை அதை ஒட்டிப் போடாதீர்கள்.

எண்ணூர்ப் பக்கம் சதுப்பு நிலத்தை மூடினால் சூடு ஏறுமா? (மணலி)

ஏறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி நாற்பது நிமிடம் எரிவதற்குச் சமம். சேற்று நிலம் இதை நாள் முழுக்கச் சத்தமில்லாமல் செய்கிறது. அதன்மேல் மண்ணடித்துச் சிமெண்ட் போட்டால் அந்த வெயில் முழுவதும் தரையைத்தான் சுடும்.

ஓனர் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி எங்கள் ஜன்னலைப் பார்த்திருக்கிறது. (கொருக்குப்பேட்டை)

அவர் அறைச் சூட்டோடு, அது இழுத்த கரண்ட்டின் சூடும் சேர்ந்து உங்களுக்குத்தான். மாடிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஷீட் கூரைக்கு விலையுயர்ந்த பெயிண்ட் அவசியமா? (கொடுங்கையூர்)

வேண்டாம். சிமெண்ட் ஷீட்டுக்குச் சுண்ணாம்பே போதும், கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட். ஐப்பசி மழையில் கரைந்துவிடும். பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஷீட்டில் ஏறி மிதிக்காதீர்கள், பலகை போட்டு நின்று அடியுங்கள்.