லூப் ஒட்டும் இடத்தில் 'டக்': புது சிந்தசைசர் வாங்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் பழைய அனலாக் சிந்தசைசர் (மின்சுற்றால் ஒலி உருவாக்கும் இசைக்கருவி) இருக்கிறது. அதன் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு வயர் போட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, வெட்டி லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் ஒலித்துண்டு) ஆக்குகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டும் இடத்தில் 'டக்' என்று கேட்கிறது. சில லூப்கள் கொஞ்ச நேரத்திலேயே தாளத்தை விட்டு விலகிவிடுகின்றன. புது டிஜிட்டல் சிந்தசைசரும் விலை கூடிய மென்பொருளும் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுமே வெட்டும் விதத்தால் வருபவை. புதுக் கருவி வாங்கினாலும் அதே 'டக்' அதிலும் கேட்கும்.

லூப்பின் கடைசியில் ஒலி அலை ஒரு உயரத்தில் நிற்கிறது. தொடக்கத்தில் வேறு உயரத்தில் இருக்கிறது. அந்த இடைவெளியை ஸ்பீக்கர் ஒரே தாவலில் கடக்கும்போதுதான் 'டக்' கேட்கிறது. அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் புள்ளியில் இரண்டு முனைகளையும் வெட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்துவிட்டு இசட் விசையை அழுத்தினால் முனைகள் அப்படிப்பட்ட புள்ளிகளுக்கு நகர்ந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் முனை நகரும்போது லூப்பின் நீளமும் மாறுகிறது. அதனால் 'டக்' போய்த் தாளப்பிழை வந்து சேரும்.

ஆகவே முதலில் நீளத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். 60-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்) வகுத்து, அடிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். டெம்போ 120, நான்கு அடி கொண்ட தாளம், 4 பார் (தாளச் சுற்று) என்றால் மொத்தம் 16 அடி, சரியாக 8 விநாடி. 44,100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளி) வீதம் பதிவு செய்தால் 352,800 சாம்பிள். தேர்வின் நீளத்தை விநாடியில் பார்க்காமல் சாம்பிளில் பார்க்கும்படி மாற்றிக்கொண்டு, இந்த எண்ணுக்கே வெட்டுங்கள். கண்ணால் பார்த்து வெட்டினால் 20 மில்லிவிநாடி தவறுவது சாதாரணம். பத்துச் சுற்றில் அது 200 மில்லிவிநாடி ஆகிவிடும். 120 டெம்போவில் ஒரு அடியே 500 மில்லிவிநாடிதான் என்பதால், விலகல் யார் காதுக்கும் தெரியும்.

நீளம் சரியானதும் 'டக்'கைக் கவனிக்கலாம். வாசிப்பை லூப் முடியும் இடத்தோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் தொடர்ந்து பதிவு செய்துகொள்ளுங்கள். முடிவுக்கு அப்பால் இருக்கும் 5 முதல் 10 மில்லிவிநாடித் துண்டை எடுத்து, அது மெல்ல அடங்கும்படியும் லூப்பின் தொடக்கம் மெல்ல எழும்படியும் தொடக்கத்தின் மேல் கலந்துவிடுங்கள். இதுதான் கிராஸ்ஃபேட். நீளம் ஒரு சாம்பிள்கூட மாறாது, ஒட்டும் தெரியாது.

ரிவெர்ப், டிலே போன்ற எதிரொலி விளைவுகள் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் சுற்றின் தொடக்கத்தில் எதிரொலி எதுவும் இருக்காது. கடைசியில் நிறைய இருக்கும். திரும்பி வரும்போது எதிரொலி பட்டென்று அறுந்தது போல் இருக்கும். அதே வாசிப்பை இடைவிடாமல் மூன்று முறை பதிவு செய்து, நடுச்சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் எதிரொலி நடுச்சுற்றின் தொடக்கத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும். எதிரொலி ஒரு சுற்றை விட நீளமாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு சுற்று கூடுதலாக வாசித்து, பின்னால் வருவதை எடுங்கள்.

அனலாக் கருவி வைத்திருப்பவருக்கு உண்மையான சோதனை, பேட் எனப்படும் இழுத்து ஒலிக்கும் நீண்ட ஒலிகள்தான். ஃபில்டரை (ஒலியின் தன்மையை மாற்றும் பகுதி) அசைக்கும் எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கும் அலை) தன் போக்கில் ஓடினால், லூப் திரும்பும் நேரத்தில் அது பாதி வழியில் நிற்கும். 8 விநாடி லூப்புக்கு எல்எஃப்ஓ 2 அல்லது 4 விநாடிக்கு ஒரு முறை சுற்றும்படி வையுங்கள். லேசாகச் சுதி விலக்கிய இரண்டு ஆசிலேட்டர்களின் (ஒலி அலையை உருவாக்கும் பகுதிகள்) அலைவும் அப்படியே. அரை ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் 2 விநாடிக்கு ஒரு அலைவு, கணக்கு பொருந்தும். ஆனால் அனலாக் சுதி நகர்ந்துகொண்டே இருக்குமாதலால் கணக்கை மட்டும் நம்ப முடியாது. இங்கே மில்லிவிநாடிக் கிராஸ்ஃபேட் போதாது. ஒரு விநாடி, தேவைப்பட்டால் அதற்கு மேலும் கொடுங்கள். நடுவில் சத்தம் குழி விழுந்தது போல் குறைந்தால், நேர்கோட்டு வளைவை மாற்றி, நடுவில் சத்தம் குறையாமல் காக்கும் சம ஆற்றல் கிராஸ்ஃபேடைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த சிந்தசைசரை விற்றுவிடாதீர்கள். மாற்ற வேண்டியது மைக் துளைக்குப் போகும் வயரைத்தான். மைக்குக்கென இருக்கும் துளை ஹெட்போன் அளவு சிக்னலைத் தாங்காமல் உடைந்த ஒலி தரலாம். பெரும்பாலான லேப்டாப்களில் அது மோனோவும்கூட. செலவு செய்வதென்றால் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (கருவியின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) செய்யுங்கள்.

கேள்வி: நான் வாங்க நினைக்கும் சிந்தசைசரில் யுஎஸ்பி இருக்கிறது. அப்படியும் இன்டர்ஃபேஸ் தேவையா?

யுஎஸ்பி துளை இருப்பதாலேயே ஒலியும் அதன் வழியே போகும் என்று எண்ண வேண்டாம். பல கருவிகளில் அது மிடிக்கு மட்டும்தான்: எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினீர்கள் என்ற தகவல் போகும், ஒலி போகாது. விவரக்குறிப்பில் 'யுஎஸ்பி ஆடியோ' என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்டர்ஃபேஸ் வேண்டும்.

அதில் முக்கியம் லைன் அளவு (சிந்தசைசர் போன்ற கருவிகள் தரும் சிக்னல் அளவு) உள்ளீடுகள் இரண்டு இருப்பது. ஒன்று மைக்குக்கு, ஒன்று கிட்டாருக்கு என்று மட்டும் இருக்கும் மாடலில் ஸ்டீரியோ சிந்தசைசரை ஒழுங்காகப் பதிவு செய்ய முடியாது. விண்டோஸ் என்றால் தயாரிப்பாளரே தரும் ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று கேளுங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் என்ற விளம்பரத்துக்காக அதிகம் கொடுக்காதீர்கள். 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் இந்த வேலைக்குத் தாராளம்.

வாங்கியதும் ஒரு இரைச்சல் கேட்டால் உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். சிந்தசைசரிலிருந்து கணினிக்குப் போகும் யுஎஸ்பி வயரை உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் லூப் (மின் இணைப்புகள் வட்டமாகச் சேர்வதால் வரும் இரைச்சல்). கருவியில் கோளாறு இல்லை. ஐந்து முனை மிடி வயருக்கு மாறினால் பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் அந்த மிடி உள்ளீடு மின் இணைப்பின்றி ஒளி வழியாகத் தகவலை வாங்குகிறது.

கேள்வி: எந்த மென்பொருள் வாங்கலாம்?

வெட்டி ஒட்டும் வேலை மட்டும் என்றால் ஆடாசிட்டி போதும், இலவசம். ரீப்பர் என்ற இசை மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். இன்டர்ஃபேஸ் வாங்கப் போகிறீர்களென்றால் கொஞ்சம் பொறுங்கள்: பல இன்டர்ஃபேஸ்களோடு ஏபிள்டன் லைவ் லைட் என்ற இசை மென்பொருள் கூடவே வருகிறது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது எதிரொலி வாலைத் தொடக்கத்தில் தானாகச் சேர்த்துத் தரும் வசதியை. ஏபிள்டனில் ஏற்றுமதி செய்யும் இடத்தில் 'ரெண்டர் ஆஸ் லூப்', எஃப்எல் ஸ்டுடியோவில் 'ராப் ரிமெய்ண்டர்', ரீப்பரில் 'செகண்ட் பாஸ் ரெண்டர்' என்ற பெயர்களில் இருக்கும். மென்பொருளுக்குள்ளேயே ஓடும் ஒலிகளுக்கு இது மூன்று முறை பதிவு செய்யும் வேலையை மிச்சமாக்குகிறது.

சோதனைப் பதிப்பின் கட்டுப்பாட்டையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், ஆனால் வாங்கும் வரை அந்தக் கோப்பைத் திரும்பத் திறக்க முடியாது. வாங்கிவிட்டால் புதுப்பிப்புகள் ஆயுள் முழுவதும் இலவசம். மாதச் சந்தா மென்பொருளில், சந்தாவை நிறுத்தினால் பழைய வேலையைத் திறக்க முடியுமா, உரிமத்தை வேறொருவருக்கு மாற்ற முடியுமா, எத்தனை கணினியில் போடலாம் என்று பணம் கட்டும் முன்பே படியுங்கள். பல நிறுவனங்கள் உரிமத்தைச் செயல்படுத்திய பின் பணம் திருப்பித் தருவதில்லை.

கேள்வி: மென்பொருளில் துல்லியமாகச் சுற்றும் லூப், எம்பி3 ஆக்கியதும் இடைவெளி விடுகிறது. ஏன்?

எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக அடுக்குகிறது. அந்தக் கணக்குக்காக முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். லூப்களை வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக வையுங்கள். அளவு சிறிதாக வேண்டுமென்றால் ஓக் வோர்பிஸ்.

கேள்வி: தயாரிப்பாளர் தந்த பிரீசெட்டிலும் (தயார் ஒலி அமைப்பு), காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் பேக்கிலும் (பதிவு செய்த ஒலித்துண்டுகளின் தொகுப்பு) செய்த லூப்களை விற்கலாமா?

இரண்டும் ஒன்றல்ல. சிந்தசைசர் பிரீசெட்டில் நீங்களே வாசித்த லூப்புக்குப் பொதுவாகத் தடை இருப்பதில்லை. ஆனாலும் உள்ளே பதிவு செய்த ஒலிகளை வைத்து ஓடும் கருவியானால் உரிம விதியைப் பாருங்கள். சாம்பிள் பேக்கில் 'ராயல்டி ஃப்ரீ' என்று எழுதியிருந்தாலும், பொதுவாக அது உங்கள் பாட்டில் சேர்த்துக்கொள்ளத் தரும் அனுமதி. அதையே லூப்பாக இன்னொருவருக்கு விற்பதைப் பல உரிமங்கள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. விதி தெளிவாக இல்லையென்றால் விற்றவரிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.